வால்வு கிட்டார் ஆம்பில் இரண்டாவது சேனல் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரே சேனல் உள்ள வால்வு ஆம்ப் இருக்கிறது. அதன் சுத்தமான ஒலி மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சோலோ வரும்போது கரகரப்பான, இழுத்து நிற்கும் ஒலி வேண்டும், அதுவும் காலால் ஒரு மிதி மிதித்தவுடன் மாற வேண்டும். இந்த ஆசையில் ஆம்பைப் பிரிக்கக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். சால்டர் வைக்கவும் மல்டிமீட்டரில் அளக்கவும் சர்க்யூட் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. கிட்டார் ஆம்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை டிசி மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். சில ஆம்ப்களில் நிமிடக்கணக்கில் இருக்கும், சிலவற்றில் அதைவிட நேரம் இருக்கும்.

நான் செய்யும் முறை இது. பிளக்கைப் பிடுங்குவேன். முதலைவாய் கிளிப் உள்ள வயரின் ஒரு முனையை முதலில் சேசிஸில் மாட்டுவேன். மறுமுனையில் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர். நன்றாக இன்சுலேட் செய்த பிடியால் அதை முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவில் வைத்து, பத்து விநாடி எண்ணுவேன். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 10 கிலோ ஓம் வழியாக வடியும்போது ஒவ்வொரு விநாடியும் மின்னழுத்தம் முன்பிருந்ததில் சுமார் 37 சதவீதமாக இறங்கிக்கொண்டே வரும், அதனால் பத்து விநாடி தாராளம். இதே போல ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் செய்துவிட்டு, ஒவ்வொன்றையும் மீட்டரால் அளப்பேன். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கை உள்ளே போகும். வடித்த கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரத்தில் தானாகவே சில வோல்ட் மீண்டும் ஏறும் என்பதால் சேசிஸில் மாட்டிய வயரின் ரெசிஸ்டர் முனையையும் முதல் கெப்பாசிட்டரிலேயே மாட்டிவைத்து, வேலை முடியும்வரை கழற்ற மாட்டேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு முனையை சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையில் உட்கார வேண்டாம்.

ஒரு டிஸ்டார்ஷன் பெடல் போட்டால் போதாதா?

பலருக்குப் போதும். ஆம்பைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். இரண்டாவது சேனலின் அருமை வேறு. வால்வு நிலைகள், அதாவது சிக்னலைப் பெருக்கும் படிகள், ஒன்றன்பின் ஒன்றாக அளவுக்கு மீறி நிரம்பி அலையின் நுனிகள் நசுங்கும்போது விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு படிப்படியாக இறங்கும். அந்த உணர்வு வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

எந்த ஆம்பில் செய்யலாம்? எதைத் தொடக்கூடாது?

டெர்மினல் போர்டில் கையால் வயரிங் செய்த ஆம்ப்தான் இதற்கு ஏற்றது. ஒரு ரெசிஸ்டரைக் கழற்றி இன்னொன்றை வைப்பது அதில் சுலபம், வயரையும் தள்ளி நகர்த்தலாம். பிரிண்டட் சர்க்யூட் போர்டில் முடியாது என்றில்லை, ஆனால் டிராக்கை வெட்டி, வயரைத் தாவவிட்டு, புது வால்வுக்கு என்று தனியாக ஒரு சிறு போர்டு கட்ட வேண்டியிருக்கும். வால்வு சாக்கெட்டே போர்டில் பதிந்திருக்கும் ஆம்ப்பில் முதல் முயற்சியைச் செய்ய வேண்டாம்.

மாற்றம் எதுவும் செய்யப்படாத பழைய ஆம்ப், குறிப்பாக 1960களின் ஃபெண்டர் அல்லது மார்ஷல் உங்களிடம் இருந்தால் அதில் ஓட்டை போடாதீர்கள். அதன் மதிப்பு குறையும் என்பது ஒரு காரணம். அதைவிட, அப்படியே பிழைத்து வந்த ஒரு கருவியைக் கெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே சர்க்யூட்டில் புதிதாக ஒன்று கட்டி, அதில் சேனல் சேர்த்துக்கொள்ளலாம்.

என் ஆம்பில் ஏற்கனவே நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல் இருக்கிறதே?

அப்படியானால் நல்ல தொடக்கம், துளை போடும் வேலை மிச்சம். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் வகைகளில் நார்மல் சேனலுக்கு என்று ஒரு வால்வு முழுதாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பெருக்கிகள் இருக்கும் வால்வு அது; அந்த இரண்டு பாதிகளையும் எடுத்து வைப்ரேட்டோ சேனலுக்கு முன்னால் கரகரப்பு நிலைகளாகப் போடுவது பழைய, நன்கு பழகிய மாற்றம்.

இந்த இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருக்கும், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும் என்பதை மறக்காதீர்கள். வைப்ரேட்டோ பக்கம் ரிவெர்ப் கலக்கும் நிலை ஒன்று கூடுதலாக இருப்பதால் சிக்னல் இன்னொரு முறை தலைகீழாகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் ஒலி மெலிந்துபோகும். மார்ஷலின் நான்கு இன்புட் ஆம்ப்களில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே சிறு கேபிளால் இரண்டு சேனலையும் இணைத்து வாசிப்பது காலகாலமாக நடக்கிறது.

கூடுதல் வால்வை என் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?

ஹை வோல்டேஜ் பக்கம் கவலை வேண்டாம். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி சுமார் 1 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஒரு முழு வால்வுக்கு 2. டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பார்க்க வேண்டியது வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரின் பக்கம். ஐரோப்பாவில் இசிசி83 என்று பெயர் கொண்ட இதே வால்வு 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் எடுக்கும். கணக்கு எளிது. மூன்று 12ஏஎக்ஸ்7க்கு 0.9 ஆம்பியர், இரண்டு இஎல்84க்குத் தலா 0.76 வீதம் 1.52. ஆக 2.42 ஆம்பியர். ஒரு வால்வு கூட்டினால் 2.72. டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்று (கம்பிச் சுருள்) 3 ஆம்பியருக்கு உரியது என்றால் தாராளமாகச் செய்யலாம், 2.5க்கு உரியது என்றால் வேண்டாம். மற்ற பவர் வால்வுகளுக்கு: 6வி6 0.45, 6எல்6 0.9, இஎல்34 1.5 ஆம்பியர்.

டிரான்ஸ்ஃபார்மரின் அளவு எங்கும் எழுதியிருக்கவில்லை என்றால், எல்லா வால்வும் செருகிய நிலையில் ஹீட்டர் வோல்டேஜை அளந்து பாருங்கள். இப்போதே 6.1 பக்கத்தில் தொங்கினால் அதன்மேல் இன்னொரு சுமை ஏற்றாதீர்கள்.

சரி, சர்க்யூட் எப்படி இருக்க வேண்டும்?

முழுக்கத் தனித்தனியாக இரண்டு ப்ரீஆம்ப் கட்டலாம், அல்லது முதல் நிலையை இரண்டுக்கும் பொதுவாக வைத்து அதற்குப் பிறகு பிரிக்கலாம். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். கிட்டார் சிக்னல் மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் சுவிட்ச் எதுவும் வராது, வால்வும் ஒன்று மிச்சம்.

உதாரணமாக, உங்கள் ஆம்ப் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: முதல் நிலை, டோன் கண்ட்ரோல்கள், வால்யூம், இரண்டாம் நிலை, அப்புறம் பவர் வால்வுகளுக்கு எதிரெதிர் சிக்னல்களைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வர்ட்டர். இதில் எதையும் மாற்ற வேண்டாம். முதல் நிலையின் பிளேட்டிலிருந்து (வால்விலிருந்து சிக்னல் வெளியே வரும் முனை) தனியாக ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் கிளை எடுங்கள், 0.001 மைக்ரோஃபாரட், 630 வோல்ட். அது 1 மெகா ஓம் கண்ட்ரோலுக்குப் போகிறது. இதுதான் லீடு சேனலின், அதாவது கரகரப்பான புதுச் சேனலின், கெயின்.

கெயினின் நடுமுனையிலிருந்து 68 கிலோ ஓம் வழியாகப் புது வால்வின் முதல் பாதியின் கிரிட், அதாவது சிக்னல் உள்ளே போகும் முனை. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 2.7 கிலோ ஓம், அதற்கு இணையாக 0.68 மைக்ரோஃபாரட். அங்கிருந்து 0.022 மைக்ரோஃபாரட் வழியாக ஒரு 470 கிலோ ஓம், அதன்பின் கிரவுண்டுக்கு இன்னொரு 470 கிலோ ஓம். இந்த இரண்டும் சேர்ந்து சிக்னலைப் பாதியாக்கும். மேல் ரெசிஸ்டருக்கு இணையாக 470 பிகோஃபாரட் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வால்வின் உள் கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஒலிகளைத் தின்றுவிடும்.

இரண்டு ரெசிஸ்டரும் சந்திக்கும் இடம்தான் புது வால்வின் இரண்டாம் பாதிக்கு கிரிட். பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 10 கிலோ ஓம், இணையாகக் கெப்பாசிட்டர் எதுவும் இல்லை. மார்ஷலின் ஜேசிஎம்800 மாஸ்டர் வால்யூம் ஆம்ப்களில் அந்த முறுக்கான கரகரப்பைத் தருவது இந்த 10 கிலோ ஓம் நிலைதான். வால்வு கிட்டத்தட்ட அணைந்த நிலையில் ஓடுவதால் அலையின் ஒரு பக்கம் சீக்கிரம் வெட்டுப்படுகிறது. இதன் பெருக்கம் 7, 8 மடங்குதான், ஆனால் குணம் பெரிது.

வெளியே 0.022 மைக்ரோஃபாரட், 470 கிலோ ஓம், அப்புறம் 100 கிலோ ஓம் லாக் கண்ட்ரோல், இது லீடு வால்யூம். இரண்டாம் நிலையின் கிரிட்டுக்குப் போவது சுத்தமான சேனலின் வால்யூமா லீடின் வால்யூமா என்பதை ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச், தீர்மானிக்கும். அந்த 470 கிலோ ஓமைச் சிலர் அதிகம் என்று நினைத்துக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் லீடு வால்யூமை 1க்கு மேலே திருப்ப முடியாமல் போகும். புது வால்விலிருந்து பத்துக்கணக்கான வோல்ட் வருகிறது, அடுத்த நிலைக்குத் தேவையோ ஓரிரு வோல்ட்.

இந்த அமைப்பில் லீடு வழி இரண்டு முறை தலைகீழாகித் திரும்பி வருவதால் இரண்டு சேனலும் ஒரே கட்டத்தில் இருக்கும்.

ஏன் இவ்வளவு இடங்களில் சிக்னலைக் குறைக்கிறீர்கள்? கெயின் வேண்டும் என்றுதானே வந்தோம்?

12ஏஎக்ஸ்7 நிலை ஒன்று சாதாரணமாக 60 மடங்கு பெருக்கும். இரண்டு நிலை என்றால் 3,600. மூன்று என்றால் 2 லட்சத்து 16 ஆயிரம். எதையும் குறைக்காமல் இப்படிக் கோத்தால் கிட்டாரைச் செருகும் முன்பே ஆம்ப் ஊளையிடும். கெயினைக் கூட்ட ஒரு வால்வு போதும். அதை அடக்கி வைப்பதில்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு நேரம் போகிறது. அடுத்து வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

லீடு சேனலில் கீழ்க் கம்பிகள் கொழகொழவென்று ஒலிக்கின்றன. என்ன செய்யலாம்?

கரகரப்புக்கு முன்னால் பாஸ் அதிகம் போகிறது. தாழ்ந்த சுரங்கள் வலிமையானவை, முதலில் நசுங்குவதும் அவைதான். நசுங்கும்போது மேலே உள்ள எல்லாவற்றையும் கலக்கிவிடும். அதனால் நசுங்கும் இடத்துக்கு முன்னால் பாஸைக் குறைத்து, பின்னால் தேவைக்கு மீட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன 0.001 மைக்ரோஃபாரட்டும் 1 மெகா ஓமும் சேர்ந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கத் தொடங்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரட்டும் தாழ்ந்த சுரத்துக்குப் பெருக்கத்தை 20 சொச்சத்தில் வைத்து, மேலே போகப்போக 60 பக்கம் ஏற்றுகின்றன. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. ஒலி மெலிவாக இருந்தால் 0.001ஐ 0.0022 ஆக்குங்கள், அப்போது எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கு 0.001 நன்றாக இருக்கும், பெரிய பெட்டிக்கும் பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள்.

லீடு சேனலுக்குத் தனி டோன் கண்ட்ரோல் வேண்டுமா?

மூன்று கண்ட்ரோல் கொண்ட முழு டோன் அமைப்பு வைத்தால் நல்லதுதான், முன்பலகையில் இடம் இருக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு ட்ரெபிள் கட் போதுமானதாக இருந்திருக்கிறது. லீடு வால்யூமின் மேல்முனையிலிருந்து 0.001 மைக்ரோஃபாரட்டும் 250 கிலோ ஓம் கண்ட்ரோலும் தொடராகக் கிரவுண்டுக்கு. முழுக்கத் திருப்பினால் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து உச்சத்தைச் சீவும்.

சுவிட்ச் செய்ய ரிலேயா, எல்டிஆரா, சாதாரண சுவிட்சா?

முன்பலகையில் கையால் தட்டும் சுவிட்ச் போதும் என்றால் அதுவே எளிது. ஆனால் சிக்னல் வயரை நீண்ட தூரம் இழுக்காதீர்கள். கால் சுவிட்சுக்கு சிக்னலைக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. ஐந்து மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஒலிகளை விழுங்கும், வழியில் உள்ள ஹம் (மின்சாரத்தின் ரீங்காரம்) எல்லாம் உள்ளே வரும்.

எல்டிஆர் என்பது ஒரே கூட்டில் ஒரு எல்இடியும் ஒளிக்கேற்ப மாறும் ரெசிஸ்டரும். மெசா பூகி ஆம்ப்களில் இவை நிறைய உண்டு. மெதுவாக மாறுவதால் சத்தமே இல்லாமல் சேனல் மாறும். ஆனால் காட்மியம் உள்ளதால் பல இடங்களில் கட்டுப்பாடு இருக்கிறது, ஒன்றுக்கொன்று அளவும் வேறுபடும், அணைந்த நிலையிலும் கொஞ்சம் கசியும். என் வாக்கு ரிலேக்குத்தான். மூடினால் வயர் மாதிரி, திறந்தால் காற்று மாதிரி. 5 வோல்ட் சிக்னல் ரிலே, இரண்டு வேண்டும்.

ஏன் இரண்டு ரிலே? ஒரு ரிலேயிலேயே இரண்டு ஜோடி கான்டாக்ட் இருக்கிறதே?

ஒரு ரிலே இரண்டாம் நிலைக்கு எந்தச் சேனல் என்று தேர்ந்தெடுக்கிறது. இன்னொன்றுக்கு வேறு வேலை. சுத்தமான சேனலில் வாசிக்கும்போது லீடு நிலைகள் சும்மா இருப்பதில்லை. கிட்டார் சிக்னல் அங்கேயும் போய் நசுங்கிக்கொண்டுதான் இருக்கும். அது வயரிலிருந்து வயருக்குத் தாவி, சுத்தமான ஒலியின் பின்னணியில் ஒரு சீறலாகக் கேட்கும். அதனால் சுத்தமான சேனலில் இருக்கும்போது புது வால்வின் இரண்டாம் பாதியின் கிரிட்டை இரண்டாவது ரிலே கிரவுண்டில் போட்டுவிட வேண்டும்.

இரண்டையும் ஒரே ரிலேயில் அடைத்தால், பெரிய சிக்னலும் சிறிய சிக்னலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கம்பக்கமாக நிற்கும். இரண்டாவது ரிலேயை அது வேலை செய்யும் வால்வு சாக்கெட்டுக்கு அருகிலேயே வையுங்கள். பயன்படாத சேனலை வாய்மூட வைப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ரிலேக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

ஆம்பில் ரெக்டிஃபயர் வால்வு இல்லாமல், 5 வோல்ட் சுற்று மட்டும் பயன்படாமல் கிடக்கிறதா? அதிர்ஷ்டம்தான். பிரிட்ஜ் ரெக்டிஃபயரும் 2,200 மைக்ரோஃபாரட்டும் போட்டால் ஏறக்குறைய 5.5 வோல்ட் வரும், ரிலே அதில் நிம்மதியாக ஓடும். ரெக்டிஃபயர் வால்வு உள்ள ஆம்பில் அந்தச் சுற்றின்மேல் முழு ஹை வோல்டேஜும் ஏறியிருக்கும், அதைத் தொடவே கூடாது.

6.3 வோல்ட் ஹீட்டர் சுற்றிலிருந்தும் எடுக்கலாம். பிரிட்ஜுக்குப் பின் ஏறக்குறைய 7.5 வோல்ட். இரண்டு ரிலேயும் சேர்ந்து 70 மில்லி ஆம்பியர் இழுத்தால் 36 ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போட்டு 5க்கு இறக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஹீட்டர் சுற்று ஏற்கனவே நடுமுனை வழியாகவோ இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகவோ கிரவுண்டில் கட்டப்பட்டிருக்கும். பிரிட்ஜின் நெகட்டிவையும் கிரவுண்டில் கட்டினால் ஒரு டையோடு வழியாகப் பாதிச் சுற்று ஷார்ட் ஆகும், அல்லது அந்த 100 ஓம் ரெசிஸ்டர்கள் கருகும். ரிலே மின்சாரம் கிரவுண்டைத் தொடாமல் மிதக்க வேண்டும். அதனால் கால் சுவிட்ச் ஜாக்கும் பிளாஸ்டிக் உடல் கொண்டதாக, சேசிஸைத் தொடாததாக இருக்க வேண்டும். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடையும் தலைகீழாகப் போட மறக்காதீர்கள்.

சேனல் மாற்றும்போது "டொப்" என்று சத்தம் வருகிறது.

எங்கோ ரிலே கான்டாக்ட்டின் ஒரு பக்கத்தில் டிசி நிற்கிறது. கான்டாக்ட் எதுவானாலும், டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், அதன் இரண்டு பக்கமும் ஏதாவது ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறிப்பாக இரண்டாம் நிலையின் கிரிட் பக்கம். ரிலே ஒரு கான்டாக்ட்டை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் அந்தச் சில மில்லி விநாடிகளில் கிரிட் அந்தரத்தில் தொங்குகிறது. அங்கே 1 மெகா ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறதா என்று பாருங்கள். அதன் வெளிப்பக்கத்தில் மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். கேத்தோடு கெப்பாசிட்டரை சுவிட்ச் செய்பவர்கள் சுவிட்சுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் போடலாம், கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறியபடியே இருக்கும்.

கெயினை 7க்கு மேல் திருப்பினால் கீச்சென்று ஊளையிடுகிறது. எங்கே தேடுவது?

வயர்கள் போகும் பாதையில். முதன்முதலில் நான் சேனல் சேர்த்த ஆம்ப் மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. சர்க்யூட் சரி, ஒவ்வொரு ரெசிஸ்டரும் சரி. வால்வை மாற்றியும் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வயராக மெல்லத் தள்ளினேன். லீடு வால்யூமுக்குப் போகும் நீல வயரை அரை அங்குலம் விலக்கியதும் ஊளை சட்டென்று நின்றது. விட்டதும் மறுபடி. அந்த வயர் போர்டுக்கு அடியில் கெயின் கண்ட்ரோலிலிருந்து வரும் வயரை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நிலை தள்ளி உள்ள சிக்னல் இரண்டு முறை தலைகீழாகி மறுபடி அதே கட்டத்துக்கு வந்திருக்கும். அதில் துளியளவு ஆரம்பத்துக்குத் திரும்பிப் போனாலும் சுற்றிச்சுற்றிப் பெருகும். ஆகவே பிளேட் வயரும் கிரிட் வயரும் சேர்ந்து ஓடக்கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். கெயின் கண்ட்ரோலுக்குப் போகிற, வருகிற வயர்களுக்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். 68 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போர்டில் வைக்காமல் வால்வு சாக்கெட்டின் பின்னிலேயே சால்டர் வையுங்கள், உடல் பின்னை ஒட்டி நிற்கட்டும்.

குச்சி மரமாகவோ மூங்கிலாகவோ, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பென்சில் வேண்டாம், அதன் கரி மின்சாரம் கடத்தும்.

ஊளை இல்லை. "படபடபட" என்று மோட்டார் மாதிரி சத்தம் வருகிறது.

புது வால்வுக்கு ஹை வோல்டேஜை வேறு ஏதோ நிலையின் ஃபில்டர் கெப்பாசிட்டரிலிருந்தே எடுத்திருப்பீர்கள். ஒரு கெப்பாசிட்டரில் இரண்டு நிலைகளுக்கு மேல் தொங்கவிடாதீர்கள். 10 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டரும் தனியாகப் போடுங்கள். உங்கள் ஆம்பின் வோல்டேஜ் அதிகமென்றால் 500 வோல்ட் கெப்பாசிட்டர். 2 மில்லி ஆம்பியரில் 20 வோல்ட்தான் குறையும்.

லீடு சேனலில் மட்டும் ஹம் அதிகம்.

முன்பும் இருந்த ஹம்தான், இப்போது பெருகிக் கேட்கிறது. புது வால்வின் கேத்தோடு, கிரிட் ரெசிஸ்டர்களின் கிரவுண்டை அந்த 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் நெகட்டிவில் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து ஒரே வயரில் முதன்மை கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். கண்ட இடத்தில் சேசிஸில் சால்டர் வைக்காதீர்கள். ஹீட்டர் வயர் இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். அப்புறமும் மிச்சம் இருந்தால் ஹீட்டரின் நடுமுனையைக் கிரவுண்டுக்குப் பதில் 40 வோல்ட் டிசியில் தூக்கி நிறுத்தலாம். ஹை வோல்டேஜிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் போட்டால் அது கிடைக்கும், இடையில் ஒரு கெப்பாசிட்டர். அப்படிச் செய்தால் ரிலே மின்சாரமும் அந்த 40 வோல்ட்டில் மிதக்கும் என்பதால், ரிலேக்குத் தனிச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே பாதுகாப்பு.

புது வால்வு சாக்கெட்டுக்கு சேசிஸில் எப்படித் துளை போடுவது?

சாக்கெட்டை வாங்கி, அளந்து, பிறகு துளை போடுங்கள். ஒன்பது பின் சாக்கெட்டிலேயே வெவ்வேறு அளவு இருக்கிறது. படிப்படியாக விரியும் டிரில் பிட் நல்லது. இடம் முதல் வால்வுக்கு அருகில், பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். போடும் முன் உள்ளே எல்லாவற்றையும் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடுங்கள். சுருள் சுருளாக விழும் இரும்புத் துகள் ஒன்று சாக்கெட்டின் இரண்டு பின்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் முதல் முறை ஆன் செய்யும்போது தெரியும்.

முதல் முறை ஆன் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஒரு பழைய இழை பல்பைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட்.

பல்பை எடுத்த பிறகு வோல்டேஜ் பாருங்கள். புது வால்வுக்கு 280 வோல்ட் வருகிறது என்றால், 2.7 கிலோ ஓம் உள்ள பாதியின் பிளேட்டில் 200 சொச்சம், கேத்தோடில் ஏறக்குறைய 2 வோல்ட். 10 கிலோ ஓம் உள்ள பாதியில் பிளேட் 245 பக்கம், கேத்தோடு 3 முதல் 4 வோல்ட். பிளேட்டில் முழு 280 நின்றால் அந்தப் பாதி ஓடவே இல்லை, ஹீட்டர் எரிகிறதா, கேத்தோடு கிரவுண்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் பின்கள் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. 6.3 வோல்ட்டை 4க்கும் 5க்கும் கொடுத்துவிட்டு வால்வு மங்கலாக எரிகிறதே என்று குழம்புவது வழக்கமாக நடக்கும் தவறு.

மாற்றிய பிறகு என் சுத்தமான சேனலின் ஒலி கொஞ்சம் மங்கிவிட்டது போலத் தெரிகிறதே?

காது ஏமாற்றவில்லை. முதல் நிலைக்கு நீங்கள் கூட்டிய 1 மெகா ஓம் பெரிய சுமை அல்ல. ஆனால் வால்யூமின் நடுமுனையிலிருந்து ரிலேக்குப் போய்த் திரும்பும் ஷீல்டு வயர் நீளமாக இருந்தால் அதன் கெப்பாசிட்டன்ஸ் உச்சத்தைக் கடிக்கும். ரிலேயை முன்பலகைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் நகர்த்தி வயரைக் குட்டையாக்குங்கள். அது முடியாத ஆம்பில் வால்யூமின் மேல்முனைக்கும் நடுமுனைக்கும் இடையே 47 அல்லது 100 பிகோஃபாரட் வைத்து இழந்ததை மீட்டுக்கொள்ளலாம்.

பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

மேலே சொன்ன அமைப்பில் முடியும். பழைய சர்க்யூட்டில் வெட்டியது ஒரே ஒரு வயரைத்தான், வால்யூமின் நடுமுனையிலிருந்து இரண்டாம் நிலையின் கிரிட்டுக்குப் போகும் வயர். ரிலேயை எடுத்துவிட்டு அதைத் திரும்ப இணைத்து, முதல் நிலையின் பிளேட்டில் உள்ள கிளைக் கெப்பாசிட்டரைக் கழற்றினால் ஆம்ப் பழையபடி ஆகிவிடும். சேசிஸில் துளை மட்டும் மிஞ்சும், அதற்கு மூடி கிடைக்கும். பிரிப்பதற்கு முன் உள்ளே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் போடுங்கள்.